மழைநாளுக்குச் சேமிப்பதென்றால் தொட்டி கட்டுவதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்ற ஆங்கில மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். "என் தந்தை மழைநாளுக்காக மாடியிலிருந்து தொட்டிக்குக் குழாய் பதித்திருக்கிறார்" என்ற பொருளில் ஒரு மாணவன் எழுதியிருந்தான். அதைத் தவறென்று அடிக்க மனம் வரவில்லை. பருவகாலம் சார்ந்த இத்தகைய தொடர்களை எவ்வாறு கற்பிப்பது?
- ஆசிரியை ஒருவர், வேதாரண்யம்

பதில்: அடிக்காமல் விட்டது நல்லது. மழைநீர் சேகரிப்பை 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு, மழையையும் சேமிப்பையும் ஒரே தொடரில் கேட்டால் தொட்டிதான் நினைவுக்கு வரும். மழைமுகம் காணாத பயிரைத் தாய்முகம் காணாத பிள்ளையோடு சேர்த்துச் சொல்பவர்கள் நாம். அந்த ஆங்கிலத் தொடரிலோ மழை என்பது கெட்ட காலத்தைக் குறிக்கிறது. பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் இந்த வேறுபாடு பிடிபடாது. ஆனால் அதற்கான விளக்கம் தங்கள் ஊரிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்புப் பாத்திகளில் மழைநீர் தேங்கி, உற்பத்தி நின்று, உப்பளத் தொழிலாளர்கள் கோடையில் ஈட்டியதைக் கொண்டும் கடன் வாங்கியும் அடுத்த பருவம் வரை காலம் தள்ள வேண்டியிருப்பதைத் தங்கள் மாணவர்களில் சிலர் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அவர்களிடம், "அந்த மாதங்களுக்காக அம்மா எதை எடுத்து வைக்கிறார்?" என்று முதலில் கேளுங்கள், தொடரைப் பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: 'இந்தியன் சம்மர்' என்பது நம் நாட்டு மே மாத வெயிலைத்தானே குறிக்கிறது?
- கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: இல்லை, வேலூர்க்காரர் அப்படி நினைப்பதில் வியப்பும் இல்லை. அது வட அமெரிக்காவில் பிறந்த தொடர். 1778-ஆம் ஆண்டு எழுத்திலேயே காணப்படுகிறது. இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழுந்து, இனிக் குளிர்தான் என்று மக்கள் எண்ணியிருக்கும்போது, எதிர்பாராமல் சில நாள்கள் இதமான வெயில் அடிக்குமே, அதற்குத்தான் இந்தப் பெயர். பெயரிலுள்ள 'இந்தியன்' அமெரிக்கப் பழங்குடியினரைச் சுட்டுவதாகவே கருதப்படுகிறது. முதுமையில் ஒருவருக்கு மீண்டும் வாய்க்கும் மகிழ்ச்சியையோ புகழையோ குறிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வெயில் அங்கே வரம் என்பது புரியாதவரை இந்த இரண்டாம் பொருள் மனத்தில் ஒட்டாது.

நம் கத்திரி வெயிலுக்கு இணை வேண்டுமென்றால் 'டாக் டேஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். பெருநாய் விண்மீன் கூட்டத்திலுள்ள சிரியஸ் என்னும் விண்மீன் விடியலுக்குச் சற்று முன் மீண்டும் தோன்றத் தொடங்கும் நாள்களோடு கடும் வெப்பத்தைக் கிரேக்கரும் ரோமானியரும் தொடர்புபடுத்தினர். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடப்பதை ஒட்டிய நாள்களை, அதாவது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரையிலான காலத்தை, நாம் அக்கினி நட்சத்திரம் என்கிறோம். வெயிலின் பழியை விண்மீன் மேல் போடுவதில் இரு சாராரும் ஒன்றுதான்! ஆனால் அவர்களுடைய நாள்கள் ஜூலை, ஆகஸ்டில் வருபவை. மேலும், வணிகமோ வேலையோ மந்தமாகக் கிடக்கும் காலத்தையும் அத்தொடர் குறிக்கும்; அக்கினி நட்சத்திரத்துக்கு அந்தப் பொருள் கிடையாது.

கேள்வி: 'மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்' என்பதற்குக் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா?
- தனிப்பயிற்சி ஆசிரியர், தேனி

பதில்: பொருளுக்குப் போதும். ஆனால் 'ஹே' என்பதை வைக்கோல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வைக்கோல் கதிரடித்த பின் எஞ்சும் தாள். 'ஹே' என்பது குளிர்காலத்தில் கால்நடைக்குப் போடுவதற்காகவே அறுத்து உலர்த்தும் புல். அறுத்த புல் காய்வதற்குள் மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். அந்த அவசரத்தைச் சொன்னால் வெயில் அத்தொடருக்குள் ஏன் வந்தது என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.