சைலன்சர் மாட்டிய ரைபிளும் சுடுபவரின் காதும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் இலக்குப் பயிற்சிக்காகச் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வைத்திருக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சத்தம் 30 டெசிபெல் குறையும் என்று விளம்பரம் சொன்னது. என் ஏஆர்-15 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் அந்தச் சைலன்சரை மாட்டிச் சுட்டேன். மாலை வரை காது இரைந்தது. சைலன்சரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணை எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்க ராணுவத் தரநிலையையொட்டி, குழல்வாய்க்குப் பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது வழக்கம். உங்கள் காது அங்கே இல்லை. காலி உறை வெளியேறும் துவாரத்துக்கு ஓரிரு சாண் பின்னால் இருக்கிறது. சைலன்சர் இல்லாத 5.56 மி.மீ. ரைபிள் குழல்வாயருகே 160 டெசிபெலைத் தாண்டும். நல்ல சைலன்சர் அதை ஆபத்து எல்லையாகச் சொல்லப்படும் 140க்குக் கீழே கொண்டுவந்துவிடும். அதே நேரத்தில் உங்கள் காதருகே அளந்தால் 140ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரக்கூடும். வாங்கும்போது காதருகே எடுத்த அளவைக் கேளுங்கள். அதைத் தராத விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: சத்தம் பின்பக்கம் எப்படி வருகிறது? பிஸ்டன் துப்பாக்கிக்கு மாறினால் தீருமா?

யூஜின் ஸ்டோனரின் ஏஆர் வடிவமைப்பில், குழலில் உள்ள சிறு துளை வழியே வெடிவாயு ஒரு மெல்லிய குழாய்க்குள் புகுந்து, நேராக போல்ட் கேரியருக்குள் பாய்கிறது. போல்ட் என்பது குழலின் பின்முனையை அடைக்கும் உலோகத் துண்டு, கேரியர் அதைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் பாகம். இதைத்தான் நேரடி வாயு முறை என்கிறார்கள். கேரியரின் வலப்புறத்தில் அருகருகே இரண்டு சிறிய துளைகளைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்த வாயு அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. சைலன்சருடன் சுட்ட பிறகு அந்தப் பக்கம் முழுவதும் கரி அப்பியிருக்கும்.

எச்கே416 போன்ற குறும்பிஸ்டன் துப்பாக்கிகளில் வாயு முன்பக்கத்திலேயே பிஸ்டனைத் தள்ளிவிட்டு அங்கேயே வெளியேறுகிறது. கேரியருக்குள் வருவதில்லை. அதனால் சத்தமும் பின்னால் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். சைலன்சர் வாயுவைப் பிடித்துவைப்பதால் குழலுக்குள் அழுத்தம் மெதுவாகவே இறங்குகிறது. வாயுத்துளைக்கும் கூடுதல் வாயு போவதால் போல்ட் வழக்கத்தைவிட வேகமாகத் திறக்கிறது. குழலில் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே பின்கதவான போல்ட் திறந்தால், வாயு குழல் வழியாகவே பின்னோக்கிப் பீறிடும். பிஸ்டன் இதைத் தடுக்காது. ஆகவே நான் முதலில் பார்ப்பது போல்ட் எப்போது திறக்கிறது என்பதைத்தான். பிஸ்டனா, நேரடி வாயுவா என்பது அதற்கு அடுத்தபடி. வாயு அதிகமாகப் பாயும் பிஸ்டன் துப்பாக்கியைவிட, அளவாக அமைத்த ஏஆர் காதுக்கு இதமாக இருக்க முடியும்.

கேள்வி: அளவாக அமைப்பது என்றால்?

வாயுத்துளை, தோட்டா வெடிக்கும் அறையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு அங்கே அழுத்தம் குறைவு. ஏஆர் வகையில் இந்தத் தூரத்துக்கு மூன்று அளவுகள் உண்டு: கார்பைன் நீளம் சுமார் 7 அங்குலம், மிட்லெங்த் சுமார் 9, ரைபிள் நீளம் சுமார் 12. சைலன்சரோடு மட்டுமே சுடப்போகிறீர்கள் என்றால் மிட்லெங்த் அல்லது அதைவிட நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே வாயுவைத் திருகிக் குறைக்கக்கூடிய கேஸ் பிளாக்கும் (வாயுத்துளைமேல் பொருந்தும் பாகம்), கேரியருக்குப் பின்னால் எடையாக நின்று அதன் ஓட்டத்தைத் தாங்கும் கனமான பஃபரும் போல்ட்டைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஆனால் வாயுவை மிகவும் குறைத்துவிட்டால் குளிர்காலத்தில் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கும்.

மிகக் குட்டையான குழலில் சைலன்சரை மாட்டிவிட்டு அமைதியை எதிர்பார்க்காதீர்கள். வெடிமருந்து முழுதும் எரிவதற்குள் தோட்டா வெளியேறிவிடுகிறது. மிச்சச் சுமை முழுவதும் சைலன்சரின் தலையில் விழுகிறது.

கேள்வி: வாயுவை முன்னோக்கியே விடும் புதுவகைச் சைலன்சர்கள் பயன்தருமா?

தரும். பின்னழுத்தம் குறைவதால் முகத்தில் புகை அடிப்பது நன்றாகக் குறையும். இடக்கைக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் உறைத்துவாரம் அவர்கள் முகத்துக்கு நேராகவே இருக்கிறது. இவ்வகைகளில் பலவற்றில் குழல்வாயருகே சத்தம் கொஞ்சம் கூடும். சுடுபவரின் காதைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பேரத்துக்கு நான் சம்மதிப்பேன்.

கேள்வி: முதல் குண்டு மட்டும் ஏன் சத்தமாகக் கேட்கிறது?

சைலன்சருக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜன், எரியாத வெடிமருந்து வாயுவை உள்ளேயே கொளுத்துகிறது. அடுத்த குண்டுக்குள் அந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒலிவேகத்துக்குக் குறைந்த தோட்டாக்கள் போட்டால்?

20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 5.56 தோட்டா விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கிறது. அதனால் எழும் அதிரொலியைச் சைலன்சர் தொடவே முடியாது. 2011இல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் என்ற தோட்டா வகையில் 220 கிரெய்ன் (சுமார் 14 கிராம்) எடையுள்ள மெதுதோட்டா ஒலிவேகத்துக்குக் கீழே போகிறது. அப்போது வாயுவின் அழுத்தமும் குறைவு. போல்ட் அடித்துத் திறந்து மூடும் உலோக ஓசைதான் மேலோங்கும். கையால் இயக்கும் போல்ட் ரைபிளில் அதுவும் இல்லை. அமைதி ஒன்றுதான் வேண்டுமென்றால் செமி ஆட்டோமேட்டிக் அதற்கான துப்பாக்கி அல்ல.

கேள்வி: ராணுவம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது?

இரண்டையும். அமெரிக்கத் தரைப்படையின் 7.62 மி.மீ. எம்110 ரைபிள் நேரடி வாயு முறை. அதற்குப் பின்வந்த எம்110ஏ1 குறும்பிஸ்டன். 2022 ஏப்ரலில் தேர்வான சிக் சாயர் நிறுவனத்தின் 6.8 மி.மீ. ரைபிளும் குறும்பிஸ்டன்தான். அதற்குச் சைலன்சரும் சேர்த்தே வாங்கப்பட்டது. படைவீரர்கள் நலத்துறையின் ஊனப்பட்டியலில் காதிரைச்சல் முதலிடத்தில் இருக்கும் நாட்டில் இது அவசியமான முடிவு.

கேள்வி: போன் செயலியில் அளந்தேன், 105 டெசிபெல்தான் காட்டியது. 140 ஆபத்து எல்லை என்கிறார்கள். காதுக்கவசம் இல்லாமல் சுடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். துப்பாக்கியின் அழுத்த உச்சம் மைக்ரோவிநாடிக் கணக்கில் எழுந்து அடங்குகிறது. போனின் மைக் அதைப் பிடிக்கவே முடியாது. அதனால் எட்ட முடிந்த எண்ணோடு நின்றுவிடும். மிக விரைவாகப் பதிவுசெய்யும் கருவியும் அதற்கென்றே செய்த மைக்கும் வேண்டும்.

140 என்பதும் ஒற்றை அதிர்ச்சிக்குச் சொல்லப்படும் எல்லை. 139இல் அறுபது குண்டு சுட்டால் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வெளிமைதானத்தில் சைலன்சரோடு நல்ல காதுக்கவசம் ஒன்று போதும். கூரையுள்ள கூடத்தில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பியடிக்கும், பக்கத்துத் தடத்தில் சுடுபவரிடம் சைலன்சர் இல்லாமலும் இருக்கலாம். அங்கே காதுக்குள் நுரையடைப்பான், அதன்மேல் கவசம் என்று இரண்டையும் போடுங்கள். காது ஏற்கெனவே மாலை வரை இரைந்தது என்று எழுதிய முதல் வாசகர், அடுத்த பயிற்சிக்கு முன் காது மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளட்டும்.