ஆசிரியராக இருந்த அனுபவம் கல்விக் கொள்கை வேலைக்கு உதவுமா?

சில வருடம் வகுப்பெடுத்துவிட்டுக் கல்விக் கொள்கை பக்கம் போனால் அந்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவன்தான். உதவும். எப்படி என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஓர் ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. எங்களிடம் இருந்தது முப்பது சொச்சம். அதாவது ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து, பதினாறு பேர். காகிதத்தில் பார்த்தால் நகரத்துத் தனியார் பள்ளிக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் அந்த முப்பது பேரும் ஐந்து வகுப்புப் பிள்ளைகள். தலைமையாசிரியர் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டால் (எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்) ஐந்தும் என் தலையில்தான், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாம் வகுப்பில் யாராவது அழுவார்கள், சத்துணவு அமைப்பாளர் வந்து இன்றைக்கு எத்தனை பேர் என்பார், நடுவில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில், வருகைப் பதிவு வேறு.

பிறகு கொள்கை ஆய்வு செய்யும் ஓர் அமைப்பில் சேர்ந்தேன். அங்கே திரையில் இதே விகிதம் வரும், இவ்வளவு குறைவாகப் பிள்ளைகள் இருந்தும் ஏன் வாசிக்கத் தெரியவில்லை என்று பேச்சு போகும், கடைசியில் பழி ஆசிரியர்களின் ஆர்வத்தில் வந்து விழும். பல்வகுப்புக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர் இருக்கிறது, அங்கிருந்தவர்களும் படித்திருப்பார்கள். இருந்தாலும் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பைப் பார்க்கிறார் என்ற கேள்வி, அதில் மாட்டியவனுக்குத்தான் முதலில் தோன்றுகிறது.

திட்டங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி அப்புறம் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் மேல் நிறைய குறை சொல்வார்கள், சிலது நியாயம்தான், ஆனால் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காருவதை அது மறைக்கவில்லை, பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்டு போகும் பாட அட்டையும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப் படமும் அதை நம்பியே அமைந்தவை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் எனக்குப் பிடித்தது இதனால்தான். என்ன திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, இதன் விவரத்தை யார் பதிவேற்றுவார், அந்த நேரத்தில் வகுப்பில் யார் இருப்பார் என்றுதான்.

சரி, ஒரு எச்சரிக்கை. "நான் பள்ளியில் இருந்தபோது" என்று ஆரம்பித்து எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்கிறவர்கள் இந்தத் துறையில் நிறைய. ஆயிரம் பேர் படிக்கும் நகரத்து மேல்நிலைப் பள்ளியின் சிக்கல் எனக்குத் தெரியாது, ஈராசிரியர் பள்ளியை வைத்து அதை ஊகிக்கவும் முடியாது. வகுப்பை விட்டு வந்து பத்து வருடம் ஆனவருடைய அனுபவமும் பாதி காலாவதியானதுதான்.

போவதாக இருந்தால் ஒரே வருடத்தில் கிளம்பிவிடாதீர்கள், அதே பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய் என்ன மறந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், விலையில்லாப் பொருள் கணக்கு, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நாளைக்கு ஒரு சுற்றறிக்கையின் வரைவு கைக்கு வரும்போது எந்த வரியை வெட்ட வேண்டும் என்று தெரியும். அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும் என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வு தனிக் கதை, அதை வேறு கேள்வியாகக் கேளுங்கள்.