பரிமாறுவது நின்ற இரவு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மேடையில் நிறவெறி பற்றிய பேச்சு எழுந்தாலே என் மனம் இசையைவிட்டு விலகிவிடுகிறது. பாட்டால் எந்தச் சட்டம் மாறியது? இசையை இசையாக விட்டுவிடக் கூடாதா?

ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி இரவு விடுதியில், கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பின உடல்களைப் பற்றிய ஒரு பாட்டைக் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே பாடத் தொடங்கினார். கும்பல் கொலையை நாடு முழுவதற்குமான குற்றமாக்கும் சட்டம் அங்கே 2022இல்தான் வந்தது. 83 ஆண்டுகள்! சட்டம் வரும் என்று நம்பி அவர் பாடவில்லை.

அந்தப் பாட்டு எப்போதும் கடைசியில்தான். அதற்கு முன் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். பாடி முடித்ததும் அதுவும் அணையும். எவ்வளவு கைதட்டினாலும் அவர் திரும்பி வரமாட்டார். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா அதைப் பதிவுசெய்ய மறுத்தது. கமடோர் என்ற சிறு நிறுவனம் ஏப்ரல் 20 அன்று பதிவுசெய்தது.

அதற்குப் பதினொரு நாள் முன்புதான் மரியன் ஆண்டர்சன் வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் படிகளில், 75,000 பேர் முன்னிலையில் பாடினார். ஐரோப்பிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டைப் பாடினார், பக்திப் பாடல்கள் பாடினார். கண்டனப் பாட்டு ஒன்றுகூட இல்லை. கறுப்பினப் பெண் என்பதால் அரங்கம் தர மறுத்திருந்தார்கள், அதனால் படியில் நின்றார். இசையை இசையாக விடாதவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் ஊரில் ஆடித் திருவிழா. வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, தோல் விறைத்துக் கணீரென்று ஒலிக்கும்வரை தீயைவிட்டு நகர மாட்டார்கள். பறை முழங்காமல் அம்மன் புறப்பட மாட்டாள். அடித்தவர்களுக்கோ பந்தலுக்கு வெளியே, கடைசியில்தான் சோறு. சிறுவனாக இருந்தபோது அந்த அடியைக் கேட்டுக்கொண்டே நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு குறுகுறுக்கிறது.

போன ஆடியில் அந்தக் குழுவின் இளைஞர் ஒருவர், முதல் பந்தியில் எங்களுக்கும் இலை போட்டால்தான் அடிப்போம் என்றார். வைக்கோல் எரிந்து சாம்பலானது. அரை மணி நேரம் பறை பேசவில்லை, அம்மனும் நகரவில்லை. பிறகு இலை போட்டார்கள். சிலர் எழுந்து போனார்கள். மீண்டும் வைக்கோல் கொண்டுவந்து பற்றவைத்தார்கள்.