பற்றாக்குறை 15 லட்சம் கோடி: மாமனார் சொல்வது சரியா, வீட்டுக்காரர் சொல்வது சரியா?

கேள்வி: வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் போட்டு விற்கிறேன். கடைக் கணக்கு நான்தான் எழுதுகிறேன். ஆனாலும் பட்ஜெட் அன்று டிவியில் பேசுவது பாதிக்கு மேல் புரிவதில்லை. பற்றாக்குறை 15 லட்சம் கோடி என்று சொன்னதும் என் மாமனார், "வரவுக்கு மேல செலவு செய்ற வீடு உருப்படுமா?" என்கிறார். என் வீட்டுக்காரர், "எல்லா நாடும் கடன்லதான் ஓடுது அப்பச்சி" என்கிறார். நிதிப் பற்றாக்குறை, வருவாய்ப் பற்றாக்குறை, மூலதனச் செலவு என்று வரிசையாகச் சொல்கிறார்களே, இதில் எதெல்லாம் தெரிந்தால் போதும்? அப்புறம், பட்ஜெட்டுக்கு முன்னாலேயே நெய், எண்ணெய் வாங்கி வைத்துக்கொள்வது நல்லதா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: நெய்யை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். வாங்கி அடுக்க வேண்டாம். நெய்க்கும் பாக்கெட் போட்ட காரவகைகளுக்கும் உள்ள வரி ஜிஎஸ்டி. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பட்ஜெட் உரையில் நடப்பதில்லை. மத்திய நிதியமைச்சர் தலைமையில் மாநில அமைச்சர்களும் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில்தான் முடிவு செய்கிறது. நெய் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது 2025 செப்டம்பர் 22 முதல். பட்ஜெட் வந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எண்ணெயும் அப்படித்தான். கச்சா பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் அடிப்படை இறக்குமதித் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது 2025 மே மாதக் கடைசியில், ஓர் அறிவிக்கை மூலம். வணிக சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் பிறந்ததும் மாற்றுகின்றன. ஆக, பிப்ரவரி 1 அன்று உங்கள் அடுப்படியில் எதுவும் உடனே மாறிவிடாது.

தங்கம் வேறு கதை. இறக்குமதித் தீர்வையைப் பட்ஜெட்டில் மாற்றினால் பெரும்பாலும் அன்று நள்ளிரவே அமலாகிவிடும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 ஆனபோது நகைக்கடைகளில் விலை உடனே இறங்கியது. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பட்ஜெட் நாளைக் கவனிப்பதில் நியாயம் இருக்கிறது. பலகாரம் போடுபவர்களுக்கு அந்தப் பதற்றம் வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். உங்கள் மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டே பற்றாக்குறை பட்ஜெட்தான். 1947 நவம்பர் 26 அன்று ஆர்.கே. சண்முகம் செட்டியார் தாக்கல் செய்தபோது வருவாய் சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. (செட்டியார் என்றதும் நம்மூர்க்காரர் என்று சிலர் சொந்தம் கொண்டாடுவதுண்டு. அவர் கோயம்புத்தூர்க்காரர். நம் பக்கத்து நிதியமைச்சர் வேண்டுமென்றால் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம் இருக்கிறார்.)

பற்றாக்குறை இருப்பது தப்பா என்று கேட்டால் விடை கிடைக்காது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. யாராவது கடன் வாங்கியிருக்கிறார் என்றால் இங்கே கேட்கப்படுவது மூன்று கேள்விதான்: எவ்வளவு, எதற்கு, யாரிடம் என்ன வட்டிக்கு? பட்ஜெட்டையும் அப்படியே கேட்கலாம். நீங்கள் பட்டியலிட்ட சொற்களெல்லாம் இந்தக் கேள்விகளுக்கான விடைகளே. 2025-26 பட்ஜெட்டை வைத்துச் சொல்கிறேன்.

எவ்வளவு? அதுதான் நிதிப் பற்றாக்குறை. அந்த ஆண்டு மத்திய அரசு செலவழிக்கத் திட்டமிட்டது 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் வாங்காமல் வரக்கூடியது 34.96 லட்சம் கோடி. மிச்சம் 15.69 லட்சம் கோடியைக் கடன் வாங்கித்தான் தீர வேண்டும். டிவியில் 'பற்றாக்குறை' என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். தொகையைக் கேட்டுத் தலை சுற்ற வேண்டாம், கூடவே வரும் சதவீதத்தைப் பாருங்கள். நாட்டில் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் பொருள், சேவை எல்லாவற்றின் மதிப்பு, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, சுமார் 357 லட்சம் கோடி என்று அந்தப் பட்ஜெட் கணக்கிட்டது. அதில் 4.4 சதவீதம் இந்தப் பற்றாக்குறை. கொரோனா ஆண்டான 2020-21இல் இது 9 சதவீதத்தைத் தாண்டியது. 2003இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் வைத்த இலக்கு 3 சதவீதம். இறங்குமுகம் தெரிகிறது, ஆனால் இலக்கு இன்னும் எட்டத்தில்தான் இருக்கிறது.

'கடன் வாங்காமல் வரக்கூடியது' என்றேனே, அதிலும் இரண்டு வகை உண்டு. உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. 1969இல் நாட்டுடைமையானது. இன்றும் பெரும்பங்கு அரசிடம். அந்த வங்கி லாபத்தில் அரசுக்குப் பங்கு கொடுத்தால் அது வருவாய் வரவு, வரிப்பணம்போல வழக்கமாக வருவது. அரசு தன் பங்குகளையே விற்றுப் பணம் பார்த்தால் அது மூலதன வரவு. கையில் காசு வரும், ஆனால் சொத்து போய்விடும். கடன் வாங்கிய பணமும் மூலதன வரவில்தான் சேரும். அதனால்தான் 'மொத்த வரவு' என்று யாராவது சொன்னால் கடனையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கவனிக்க வேண்டும்.

எதற்கு? இதுதான் முக்கியமான கேள்வி. இங்கேதான் உங்கள் மாமனாருக்குப் பாதி வெற்றி. தீபாவளி ஆர்டருக்காகக் கடன் வாங்கி மாவு பிசையும் மெஷின் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த தீபாவளிக்கும் அது ஓடும், கடனை அதுவே அடைக்கும். அதே கடனை வாங்கி வேலையாட்களின் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்டினால் மாதக் கடைசியில் கடன் மட்டும்தான் மிஞ்சும். அரசுக் கணக்கில் முதல் வகை மூலதனச் செலவு: ரயில் பாதை, நெடுஞ்சாலை, துறைமுகம், போர்த் தளவாடம். இரண்டாவது வருவாய்ச் செலவு: சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி. வருவாய் வரவை மிஞ்சி வருவாய்ச் செலவு போனால் அந்த இடைவெளிதான் வருவாய்ப் பற்றாக்குறை. 2025-26இல் வருவாய்ச் செலவு 39.44 லட்சம் கோடி, வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. துண்டு விழுவது 5.24 லட்சம் கோடி. வாங்கப்போகும் கடனில் மூன்றில் ஒரு பங்கு அன்றாடச் செலவுக்கே போகிறது. அந்த மூன்றில் ஒரு பங்குக்கு உங்கள் மாமனார் கோபப்படலாம், தப்பில்லை.

ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மத்திய அரசு தன் பெயரில் சொத்து உண்டாக்கினால்தான் மூலதனச் செலவு என்று எழுதும். காரைக்குடியில் உள்ள செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வகக் கட்டடம் கட்ட டெல்லியிலிருந்து பணம் வந்தாலும், மாநிலங்களுக்குக் கிராமச் சாலை போடப் பணம் போனாலும், அது மானிய உதவியாக, வருவாய்ச் செலவில் ஏறும். சாலை கண்ணெதிரே கிடக்கும், கணக்கில் அது சம்பளத்தோடு சேர்ந்து நிற்கும். இப்படிச் சொத்தாக மாறும் உதவித் தொகை 2025-26இல் 4.27 லட்சம் கோடி. அதைக் கழித்துவிட்டால் வருவாய்ப் பற்றாக்குறை ஒரு லட்சம் கோடிக்கும் கீழே வந்துவிடும். இதற்குப் பெயர் பயனுறு வருவாய்ப் பற்றாக்குறை. ஆளுங்கட்சிக்காரர்கள் இந்த எண்ணை விரும்பிச் சொல்வார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் முந்தைய எண்ணைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும். என்னைக் கேட்டால், கொடுத்த பணமெல்லாம் நல்ல சாலையாகவே மாறியது என்று டெல்லியிலிருந்து உறுதி சொல்ல முடியாது, அதனால் பழைய எண்ணையே நம்புவேன்.

யாரிடம், என்ன வட்டிக்கு? உங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிய இடம் இது. அந்த ஆண்டு வட்டிக்கு மட்டும் ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி. பட்ஜெட் அன்று பத்திரிகைகளில் ஒரு ரூபாய் நாணயத்தை வெட்டிப் போடுவார்கள் அல்லவா, அதில் வட்டிக்கு 20 பைசா என்று இருக்கும். படத்தில் சின்னத் துண்டாகத் தெரிவதற்குக் காரணம், அந்த ஒரு ரூபாயில் கடன் வாங்கும் பணமும் மாநிலங்களுக்குப் போய்விடும் வரிப் பங்கும் சேர்ந்திருக்கின்றன. மத்திய அரசின் கையில் தங்கும் வருவாயோடு மட்டும் வைத்துப் பார்த்தால் ரூபாய்க்கு 37 பைசா வட்டிக்கே போகிறது. நிதிப் பற்றாக்குறையிலிருந்து வட்டியைக் கழித்தால் கிடைப்பது முதன்மைப் பற்றாக்குறை: 2.93 லட்சம் கோடி. புதுக் கடனில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டிக்குச் சமம் என்பது இதன் பொருள். கடனை வாங்கி வட்டி கட்டுவதற்கு நம் ஊரில் என்ன பேச்சுக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இருந்தாலும், 'வீடு' என்ற உவமையை மாமனார் இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு குடும்பம் என்றைக்காவது கடனை முழுசாக அடைத்தாக வேண்டும், அரசு அடைப்பதில்லை. கடன் பத்திரம் முதிர்ந்தால் புதுப் பத்திரம் போட்டுத் திருப்புகிறது. நாட்டின் உற்பத்தி வளரும் வேகம் வட்டி விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை இது தாங்கும். 2025-26இல் விலைவாசி உயர்வையும் சேர்த்து உற்பத்தி 10.1 சதவீதம் வளரும் என்று பட்ஜெட் கணக்குப் போட்டது. அரசின் பத்தாண்டுப் பத்திரத்துக்கு வட்டி 7 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அந்த வித்தியாசம்தான் மூச்சுவிட இடம் தருகிறது. வளர்ச்சி படுத்துவிட்டால் அந்த இடமும் சுருங்கும். இன்னொன்று, கடன் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டவர்கள்: வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி. வங்கிகள் தம் டெபாசிட்டில் குறைந்தது 18 சதவீதத்தை முக்கியமாக அரசுப் பத்திரங்களில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் மாமனார் வங்கியில் டெபாசிட் வைத்திருந்தால், எல்ஐசி பாலிசி எடுத்திருந்தால், அவரும் அரசுக்கு மறைமுகமாகக் கடன் கொடுத்தவர்தான்.

மாநிலப் பங்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதைத் தாண்டிப் போக முடியாது. மத்திய அரசு திரட்டும் வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பகிர வேண்டும் என்றது 15ஆவது நிதிக்குழு. 2025-26இல் மொத்த வரி மதிப்பீடு 42.70 லட்சம் கோடி, மாநிலங்களுக்குப் பங்கு 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்குதான் வரும். முக்கியக் காரணம் செஸ்ஸும் சர்சார்ஜும், அதாவது வரியின் மேல் போடும் கூடுதல் வரிகள். வருமான வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் போடுகிறார்களே, அந்த மாதிரி வசூல் பகிர்வுக் கணக்கிலேயே வராது. அதனால் 'வரியைக் குறைத்து செஸ் போட்டிருக்கிறோம்' என்று அறிவித்தால் வாங்குபவருக்கு விலை மாறாமல் இருக்கலாம், மாநிலத்துக்கு மட்டும் வருமானம் போகும்.

மானியக் கோரிக்கை, ஒதுக்கீட்டு மசோதா, நிதி மசோதா எல்லாம் நாடாளுமன்ற நடைமுறைச் சொற்கள். முதல் இரண்டும் பணத்தை எடுக்க அனுமதி, மூன்றாவது வரி விதிக்க அனுமதி என்று தெரிந்தால் போதும். தேர்தல் ஆண்டில் புது ஆட்சி வரும்வரை சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்குவது இடைக்கால பட்ஜெட். 2024இல் அதனால்தான் பிப்ரவரியில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக இரண்டு வந்தன.

உரையைக் கேட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உரை முடிந்ததும் நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் 'பட்ஜெட் அட் எ க்ளான்ஸ்' என்று ஒரு தொகுப்பு வரும். ஆங்கிலமும் இந்தியும்தான், ஆனால் கடைக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அட்டவணை போதும். அதில் நான்கு பத்தி எண்கள் இருக்கும்: இரண்டு வருடம் முன்பு உண்மையில் நடந்தது, போன வருடம் போட்ட மதிப்பீடு, அதையே ஆண்டுக் கடைசியில் திருத்திய மதிப்பீடு, இந்த வருடம் போடும் மதிப்பீடு. டிவியில் நாலாவது பத்தியைத்தான் அதிகம் படிப்பார்கள். நீங்கள் நடுவில் உள்ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-25க்கு மூலதனச் செலவு 11.11 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள், திருத்திய மதிப்பீட்டில் அது 10.18 லட்சம் கோடியாகியிருந்தது. அதே தாளில் அடுத்த ஆண்டுக்கு 11.21 லட்சம் கோடி என்று எழுதியிருக்கிறது.