சிறுகதையில் ஒருவர் எடுக்கும் கடினமான முடிவுக்கு எழுத்தாளர் காரணம் சொல்லியே ஆக வேண்டுமா?

காரணம் சொல்லாமல் விட்டால் வாசகர் "இது ஒட்டவில்லையே" என்று தூக்கிப் போட்டுவிடுவாரோ என்ற பயமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. என் அனுபவத்தில் காரணத்தைச் சொல்லாமல் விடலாம். நெருக்கடியைச் சொல்லாமல் விடக் கூடாது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து எழுத்திலிருந்தே காட்டுகிறேன். வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையில் பஞ்சம். ஊரே காலியாகிக்கொண்டிருக்கிறது, எஸ்தர் சித்தியின் குடும்பமும் கிளம்பியாக வேண்டும். தள்ளாத பாட்டி ஒருத்தி வீட்டில் கிடக்கிறாள். கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. ஒரு ராத்திரி கழிகிறது, பாட்டி இறந்துவிட்டாள். நடுவில் என்ன நடந்தது என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. ஆனால் அந்த வீட்டின் வறட்சி, அதில் இருக்கிற ஆட்கள், எஸ்தர் சித்தி எல்லாரையும் தாங்கி நடத்துகிற விதம் எல்லாம் நமக்கு அதற்குள் பழகியிருக்கும். அதனால்தான் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. விளங்கிய பிறகு அவளைத் திட்டவும் வாய் வருவதில்லை, செய்தது சரி என்று சொல்லவும் வருவதில்லை. "பாட்டி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்" என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் எஸ்தருக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும், கதை படுத்திருக்கும்.

உடனே புதுமைப்பித்தனைக் காட்டி யாராவது மடக்குவார்கள். 1934-ல் மணிக்கொடி இதழில் வந்த 'பொன்னகர'த்தில் அவர் காரணத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறாரே என்று. உண்மைதான். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும், அம்மாளு ஒருவனோடு சந்துக்குள் போகிறாள், முக்கால் ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காரணம் அம்மாளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக வரவில்லை, வாசிக்கிற நம்மைக் குத்துவதற்காக வருகிறது. சந்துக்குள் அவள் மனம் எப்படி இருந்தது என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அப்புறம், நெருக்கடி என்றால் வறுமை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1943-ல் வந்த அவருடைய 'சாபவிமோசன'த்தில் அகலிகைக்குச் சோற்றுக் கவலை இல்லை. ராமனால் கல்லாயிருந்த சாபம் நீங்கியவள். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது அதே ராமன்தான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். அவளை நெருக்குவது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இனி எழுதும் பக்கம். நண்பர் ஒருவர் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி பற்றி ஒரு கதை எழுதி எனக்கு அனுப்பினார். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் ஒரு தனியார் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. குத்தகை முடியும் முன்பே, 2024-ல், தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டப்பட்டது. பல தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டும். நண்பரின் நாயகன் வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறான். நடந்ததற்குப் பொருந்தாத ஒரு வரி கூட அதில் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் நாளிதழ்ச் செய்தி படித்த மாதிரிதான் இருந்தது.

"அவனுக்கு உள்ளுக்குள் கீழே இறங்க ஆசையும் இருந்தால் என்ன, அண்ணாச்சி?" என்று கேட்டேன். முட்டி வலி, அட்டைக்கடி, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பஸ்ஸுக்கு விடியும்வரை காத்திருப்பது, இதையெல்லாம் வருஷக்கணக்காகச் சலித்தவன் அவன். அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை போடலாம் என்ற எண்ணமும் ஓடுகிறது. ஆனால் பக்கத்து லைன் வீட்டுக்காரர், 1999-ல் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்து, தாமிரபரணிக் கரையில் 17 பேர் செத்த அந்த ஊர்வலத்தில் இவனோடு நடந்தவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். இப்போது இவன் பேனாவை எடுத்தால் அது கையறு நிலையா, ஆசையா, துரோகமா? அவனுக்கே தெரியாது. தெரியக் கூடாது.

ஒரே காரணத்துக்காக ஒரு காரியம் செய்கிறவர்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்று இருக்கும், அதற்கு அடியில் வெளியே சொல்ல வெட்கப்படுகிற காரணம் இன்னொன்று கிடக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் நாயகன் மீதுள்ள பாசத்தில் அந்த இரண்டாவதை உருவிவிடுகிறார்கள். வில்லனுக்கு மட்டும் மிச்சம் வைக்கிறார்கள், அதுவும் அநியாயம்.

உங்கள் கதையில் அந்தச் சிக்கல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு பேரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னால் உங்கள் பாத்திரத்துக்கு முன்னால் இருந்தது கடினமான தேர்வே இல்லை. அப்போது விளக்க வரிகளைச் சேர்த்துப் பிரயோசனமில்லை. உங்கள் பாத்திரம் தேர்ந்தெடுக்காமல் கைவிட்ட வழிக்குப் போய், அங்கே அவர் எதை இழந்தார் என்பதை இன்னும் கூட்டி எழுதுங்கள்.