5ஜி வந்த பிறகு ஆன்டெனா ஆய்வு எதற்கு?

வணக்கம் ஐயா. செல்பேசி வலையமைப்புகளின் பல ஆன்டெனா நுட்பத்தில், அதாவது மைமோவில், ஆய்வு செய்யப் போவதாக மகள் பிடிவாதமாக நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 5ஜி வந்துவிட்டதே, இனி என்ன மிச்சம், கடைசியில் கோபுரம் ஏறும் வேலைதானே என்பது உங்கள் கவலை. கோபுரத்தை விட்டுவிடுங்கள், அது வேறு ஆட்களின் தொழில். மகள் கேட்பது தாளிலும் கணினியிலும் நடக்கும் வேலை.

மிச்சம் நிறையவே இருக்கிறது. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வழியே தனித்தனித் தரவுகளை அனுப்பிப் பெறுமுனையில் பிரித்தெடுக்கும் கருத்துக்கு ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1994இல். அது 4ஜி வழியாகக் கைபேசிக்கு வந்து சேர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. அடிப்படை நிலையத்தில், அதாவது கைபேசிகளோடு பேசும் கோபுர நிலையத்தில், ஆன்டெனாக்களை வரம்பின்றிக் கூட்டினால் என்ன ஆகும் என்று தாமஸ் மார்செட்டா ஆராய்ந்து எழுதியது 2010இல். இன்று 64 அனுப்பு-பெறு சுற்றுகள் கொண்ட 5ஜி ஆன்டெனாப் பலகைகள் புழக்கத்தில் உள்ளன. இன்று ஆய்வில் சேர்பவர் அடுத்த தலைமுறைக்காகத்தான் உழைப்பார். அண்டை செல்கள் (ஒவ்வொரு நிலையமும் கவனிக்கும் பகுதிகள்) சிக்னல் வரும் பாதையை அளக்க ஒரே பைலட் சிக்னலைப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம், வேகமான ரயிலில் போகிறவரின் கைபேசிக்கான அந்தப் பாதை, அதாவது தடம், அளந்து முடிப்பதற்குள் மாறிவிடுவது, மின்செலவு என்று தீராத சிக்கல்கள் பல.

என் கவலை வேறு. மகளுக்கு நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் பிடிக்குமா? தேர்ச்சி பெறுவதைக் கேட்கவில்லை, பிடிக்குமா என்று கேட்கிறேன். 1998இல் சியாவாஷ் அலமூட்டி வெளியிட்ட, இரண்டு ஆன்டெனாக்களால் அனுப்பும் முறையை மகளே பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டு குறியீடுகள் (தரவைச் சுமக்கும் கலப்பெண்கள்) முதல் நேரத்துண்டில் இரண்டு ஆன்டெனாக்கள் வழியே அப்படியே போகும். அடுத்த துண்டில் இடம் மாறி, இணைக் கலப்பெண்களாகி, ஒன்று மட்டும் எதிர்க்குறி ஏற்றுப் போகும். பெறுமுனையில் ஒரே ஆன்டெனா போதும். சிக்னல் ஏறி இறங்கும் தடத்தில் ஒற்றை ஆன்டெனாவால் அனுப்பினால், சிக்னல்-இரைச்சல் விகிதம் 10 டெசிபல் கூடும்போது பிழை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும். இந்த முறையில் நூறில் ஒன்றாகும். வரைபடக் கோடு சட்டென்று சரிவதைப் பார்த்ததும், ஏன் என்று நிறுவத் தாளை எடுக்கிறாளா, நிரல் ஓடிவிட்டது என்று கணினியை மூடுகிறாளா? நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைவிட இதையே நான் நம்புவேன்.

நெறியாளரைத் தேடும்போது கட்டுரை எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். பழைய சமன்பாட்டில் ஒரு நிபந்தனையை மாற்றிப் புதுக் கட்டுரை எழுதுவது இத்துறையில் எளிது. ஆண்டுகள் அதிலேயே கழிந்துவிடும், வேலை நேர்காணலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் உண்மையான தடத்தை அளக்கிறார்களா, படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரடியாகவே விசாரிக்கட்டும்.

வேலை? கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் மோடம் சிப் வடிவமைப்போர், வலையமைப்புக் கருவி செய்வோர், தரநிலைக் குழுக்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இவர்களைத் தேடுகின்றன. ரேடாருக்கும் இதே கணக்குதான். ஆனாலும் முனைவர் பட்டத்துக்கு இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம். முதுநிலையில் சேர்ந்து இதே தலைப்பில் ஆய்வேடு எழுதட்டும், கூடவே சி++ கற்கட்டும். ஆய்வு கசந்தாலும் மோடம் குழுக்களில் அந்த இரண்டுக்கும் இடம் உண்டு.