வரைபடம் இல்லாமல் ஒரு கடலோரக் காட்டின் தரை, ஓதம், மான் தடம் எல்லாம் எப்படிப் பிடிபடும்?

நான் ஆரம்பாக்கம் பக்கம் ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவன். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் கிடக்கும் பழவேற்காடு ஏரி, அதற்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவு இடம்தான்.

அங்கே வரைபடம் ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் முகத்துவாரத்தை அறுத்துத் திறக்கும். கோடையில் அலை மணலைத் தள்ளி அதை அடைக்கும். அதனால் முதலில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் ஓதத்தின், அதாவது கடல்நீரின், ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிதாக இருக்கும், அஷ்டமி வாக்கில் அடங்கும்.

ஆனால் முகத்துவாரத்தை விட்டு வடக்கே போகப் போக நிலாவைவிடக் காற்றுதான் பேசும். 19 வயதில், பௌர்ணமிதானே, தண்ணீர் ஏறும் என்று நம்பித் தடா பக்கம் தோணியை விட்டேன். வாடைக் காற்று தண்ணீரைத் தெற்கே ஒதுக்கிவிட்டது. விடியும்வரை சேற்றில் மாட்டிக் கிடந்தேன். சராசரியாக ஒரு மீட்டர்தான் ஆழம், காற்று நினைத்தால் தரை தெரிந்துவிடும்.

மான் தடத்தைக் காட்டிக்கொடுத்தவர் என் நைனாவின் (அப்பாவின்) கூட்டாளி, ஏனாதிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு தாத்தா. ராக்கெட் தளம் வருவதற்கு முன்பே தீவில் பிறந்தவர். புள்ளிமான் குளம்பின் கூர்முனை போன திசையைக் காட்டும், அது எல்லோருக்கும் தெரியும். தாத்தா அதற்குமேல் பார்ப்பார். தடத்துக்குள் பனித்துளி விழுந்த புள்ளிகள் இருந்தால் இரவிலேயே போய்விட்டது, ஓரம் உதிராமல் சுத்தமாக இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. “தண்ணிக்குப் போற வழி சேரும் நாயனா, மேயப் போற வழி பிரியும்” என்பார். நாலைந்து ஒற்றைத் தடங்கள் ஒன்றாகும் பக்கமே நடப்பார். மணல்மேடுகளுக்கு நடுவே, ஈச்சம்புதர் அடர்ந்த ஒரு பள்ளத்தில் போய் நிற்பார்.

அங்கே கையால் தோண்டுவார். முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறும். “போதும், இன்னும் தோண்டினா உப்பு ஏறும்” என்று என் கையைப் பிடித்து நிறுத்துவார். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். உமரி என்ற உப்புநிலச் செடி படர்ந்த சேற்றோரத்தில் எவ்வளவு தோண்டினாலும் குடிக்க ஒரு வாய் கிடைக்காது. மான்கள் அந்தப் பக்கம் தண்ணீருக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

இப்போது அனுமதி இல்லாமல் தீவின் காட்டுக்குள் போக முடியாது. ஏரிக்கரைக்குப் போகலாம். மாசியில், சேறு இறுகத் தொடங்கும்போது போங்கள். கையால் நண்டு பிடிக்கிற யாரையாவது கேட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே, அவர் கால் வைத்த இடத்திலேயே உங்கள் காலையும் வைத்து நடங்கள்.